கை பழகிய தொழிலும் கதிரவன் தரும் மின்சாரமும்

திருவனந்தபுரத்துத் தம்பானூரை அறியாத தமிழர் தென்கோடியில் மிகச் சிலரே எனலாம். நாகர்கோவிலிலிருந்து குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக வரும் ரயில் வண்டிகள் வந்து நிற்கும் மத்திய நிலையமும், அதற்கு எதிரே கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ் நிலையமும் இங்கேதான் உள்ளன. காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் வண்டியை விட்டு இறங்குவோரின் முகங்களை விட்டுவிட்டு அவர்தம் கைகளை மட்டும் கவனித்தால், ஒரு நகரம் எத்தனை தொழில்களால் இயங்குகிறது என்பது புலப்படும். ஒருவர் பையில் டெஸ்டரும் கட்டிங் பிளையரும் இருக்கும். இன்னொருவர் பையிலிருந்து கொத்துக் கரண்டியின் பிடியும் ரசமட்டத்தின் முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெல்டிங் வேலைக்காரரின் தோற்பட்டையில் பொறி பட்ட புள்ளிகள் காணப்படும். இவர்களுள் பலர் அன்றன்றைக்குக் கிடைக்கும் வேலையை நம்பி வருபவர்கள். வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பி, ஊரில் என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களும் இக்கூட்டத்தில் உண்டு.

இவர்களுள் எத்தனை பேர், முதலிலிருந்து எல்லாவற்றையும் கற்க வேண்டிய அவசியமின்றி, தாம் முன்னரே அறிந்ததைக் கொண்டு சூரிய மின்சாரத் தொழிலில் புகக்கூடும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. மாணவர்க்கு வழி சொல்லும் ஆசிரியர்களும், கிராமங்களில் திட்டங்களை விளக்கும் களப் பணியாளர்களும் இக்கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறார்கள்.

ஒரு தொழிலில் பெற்ற திறமையை வேறொரு தொழிலுக்குக் கொண்டு செல்வதை ஆங்கிலத்தில் ஒரு தொடரால் குறிக்கிறார்கள். அதைத் தமிழாக்கும்பொழுது "மாற்றத்தக்க திறன்" என்று எழுதுவது வழக்கம். மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்ட எமக்கு அத்தொடர் நிறைவு தருவதில்லை. மாற்றத்தக்கது என்றால் மாற்றிவிட வேண்டியது என்றும் பொருள்படும். நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி வயலில் நடும் செயல் நமக்குப் பழக்கமானது. ஆகவே இதை "பெயர்த்து நடும் திறன்" என்று கூறலாம் எனத் தோன்றுகிறது. நாற்று அதே நாற்றுதான். ஆனால் புது மண்ணில் வேர் பிடிக்கச் சில நாள் வேண்டும், அந்நாள்களில் நீர் தப்பினால் கருகிவிடும். இந்த எச்சரிக்கையும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

தம்பானூரில் முன்பு நிகழ்ந்தது

இவ்வூருக்கு இது புதிதன்று. கொல்லத்திலிருந்து வந்த ரயில் பாதை 1931ஆம் ஆண்டில்தான் தம்பானூர் வரை நீட்டப்பட்டது. பின்னர் 1938 பிப்ரவரி 20ஆம் நாள் திருவிதாங்கூர் அரசாங்கத்தின் பஸ் போக்குவரத்து தொடங்கியது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா முதல் பஸ்ஸில் பயணியாக ஏற, அதை ஓட்டியவர் லண்டன் போக்குவரத்து நிறுவனத்திலிருந்து வரவழைக்கப்பட்ட கண்காணிப்பாளர் ஈ. ஜி. சால்டர். இங்கிலாந்திலிருந்து வந்தவை 60 காமர் வண்டிகளின் அடிச்சட்டங்களும் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களும் மட்டுமே. மேலே உட்காரும் கூடு முழுவதையும் இங்குள்ள பணியாளரே கட்டினர். பஸ் கூடு கட்டும் பள்ளிக்கூடம் எதுவும் அன்று திருவிதாங்கூரில் இல்லை. தச்சும் தகட்டு வேலையும் வேறெங்கோ பழகிய கைகள்தாம் அதற்குப் பயன்பட்டிருக்க வேண்டும். நடத்துநர் வேலைக்கும் பரிசோதகர் வேலைக்கும் பட்டதாரிகள் எடுக்கப்பட்டனர். அவர்கள் கல்லூரியில் டிக்கெட் கிழிக்கக் கற்றவர்கள் அல்லர். கணக்கும் பொறுப்பும் பொதுமக்களிடம் பேசும் முறையும் அறிந்தவர்கள், அவ்வளவே.

நிற்க. சூரிய மின்சாரத்தின் வரலாறும் சிறியதே. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்னும் மூவர் 1954 ஏப்ரலில் காட்டிய சிலிக்கன் மின்கலம், தன்மீது விழுந்த ஒளியில் ஏறத்தாழ 6 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. நம் நாட்டில் சாகிபாபாத்தில் உள்ள மத்திய மின்னணு நிறுவனம் 1977இல் சூரிய மின்கலத்தை உருவாக்கியது. அன்று அது ஆய்வாளர்களின் பொருளாக இருந்தது. இந்தியாவில் நிறுவப்பட்ட சூரிய மின் நிலையங்களின் கொள்திறன் 2025 ஜனவரி முடிவில் 100 கிகாவாட்டைக் கடந்தது. எண்ணிக்கை இவ்வளவு பெருகியபின் அது ஆய்வாளர் கையை விட்டு, மேற்கூறிய பைகளைத் தோளில் மாட்டியவர்களின் கைக்கு வந்துவிட்டது.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் நம் நாட்டில் உண்டு. 1950களின் தொடக்கத்தில் டெல்லியில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் ஒரு சூரிய அடுப்பை உருவாக்கியது. குழிந்த கண்ணாடி கதிரைக் குவிக்க, அதன் நடுவில் பாத்திரம் வைக்கப்பட்டது. விஞ்ஞானப்படி அதில் குறை சொல்ல இடமில்லை, சோறு வெந்தது. ஆனால் சமைப்பவர் வெயிலில் நிற்க வேண்டும், சூரியன் நகர நகர அடுப்பைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், மாலைச் சமையலுக்கு அது உதவாது. அடுப்பு விற்பனையாகவில்லை. சமையலறையில் நாள்தோறும் நிற்கும் ஒரு பெண்ணிடம் முதலில் கேட்டிருந்தால், இக்குறைகளை அவர் ஒரு மணி நேரத்தில் சொல்லியிருப்பார். அன்றாடத் தொழிலறிவை மதிக்காத விஞ்ஞானம் எங்கே போய் நிற்கும் என்பதை இவ்வடுப்பு காட்டுகிறது.

மாடிமேல் நடப்பது என்ன?

வீட்டு மாடியில் வைக்கப்படும் தகட்டைப் பலர் ஏதோ மாயப் பலகையாக எண்ணுகின்றனர். சிலிக்கன் மின்கலம் ஒவ்வொன்றும் அரை வோல்ட்டுக்குச் சற்றே அதிகமான அழுத்தத்தைத் தருவது. அத்தகைய கலங்கள் பலவற்றை வரிசையாக இணைத்து, மேலே கண்ணாடியும் சுற்றிலும் அலுமினியச் சட்டமும் பொருத்தினால் அது தகடு. இக்காலத்தில் வரும் 540 வாட்டுத் தகடு ஏறக்குறைய ஏழரை அடி நீளமும் நாலடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது; எடை 28 கிலோகிராம் அளவில் இருக்கும். இதைக் கீழிருந்து மாடிக்கு, குறுகிய படிக்கட்டில் திருப்பித் திருப்பி, மூலை இடிபடாமல் ஏற்ற வேண்டும். ரயில் நிலையத்தில் சுமை தூக்கிப் பழகியவருக்கு இது எளிது போலத் தோன்றும். பாரத்தைப் பொறுத்தவரை எளிதுதான். ஆனால் தகட்டைத் தலையில் வைத்துச் சுமந்தாலோ அதன்மீது கால் வைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோடுகள் கலங்களில் விழுந்துவிடும். தகடு அன்றும் வேலை செய்யும், மறுநாளும் செய்யும். சில ஆண்டுகளில் உற்பத்தி மட்டும் குறைந்துகொண்டே வரும். யார் செய்த பிழை என்று எவராலும் சொல்ல இயலாது.

தகட்டில் எழுவது நேர் மின்னோட்டம். இன்வெர்ட்டர் என்னும் கருவி அதை வீட்டுக்கு ஏற்ற மாறு மின்னோட்டமாக ஆக்குகிறது. தேவைக்கு மிஞ்சியது மீட்டர் வழியாக வாரியத்தின் கம்பிக்குச் செல்லும். இவ்வளவே அமைப்பு. ஆகவே இதில் உள்ள வேலைகள் பாரம் ஏற்றுதல், இரும்புச் சட்டம் நிறுத்துதல், கம்பி இழுத்தல், நில இணைப்புக் கொடுத்தல், கருவியைச் சரிபார்த்தல், கணக்குப் பார்த்தல் என்று பிரிகின்றன. புதியது மிகக் கொஞ்சம். ஆனால் ஆபத்து அந்தக் கொஞ்சத்திலேதான் இருக்கிறது.

வயர்மேன் மறக்க வேண்டியவை

இத்தொழிலுக்கு மிக அருகில் நிற்பவர் வயர்மேன். குழாய் பதிக்கவும், கம்பியின் தடிமனைத் தேரவும், எர்த்து எனப்படும் நில இணைப்பைச் சோதிக்கவும் அவர் அறிவார். கேரளத்தில் துலா மழைக் காலத்துப் பிற்பகல்களில் இடியும் மின்னலும் கடுமையாக இருக்கும். திறந்த மாடியில் உலோகச் சட்டத்தை நிறுத்திவிட்டு நில இணைப்பில் சோம்பல் காட்டினால் வீட்டிலுள்ள மின்கருவிகள் அனைத்தும் ஒரே நொடியில் பாழாகும். இவ்வுண்மையை வயர்மேனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவர் கற்க வேண்டியதைவிட மறக்க வேண்டியதே முக்கியம். முப்பது ஆண்டுகளாக அவர் கை பழகியிருப்பது மாறு மின்னோட்டத்தில். அது வினாடிக்கு 100 முறை சுழியைத் தொட்டு மீள்கிறது. ஆகவே இணைப்பைப் பிரிக்கும்போது தோன்றும் தீப்பொறி பெரும்பாலும் தானே அணைந்துவிடும். நேர் மின்னோட்டம் சுழியைத் தொடுவதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பைப் பிடுங்கினால் இரு முனைகளுக்கும் நடுவே வில் போன்ற தீ எழுந்து நிற்கும், செம்பை உருக்கும், கையைச் சுடும். அழுத்தமும் சிறிதன்று. 50 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைந்த தகடுகள் பத்தை வரிசையாக இணைத்தால் ஏறத்தாழ 500 வோல்ட்டு வரை வரும். வீட்டு மின்சாரத்தைப் போல் இருமடங்குக்கும் மேல்.

இரண்டாவது, மெயின் சுவிட்சை இறக்கினால் எல்லாம் அடங்கும் என்ற பழக்கம். சூரியனுக்குச் சுவிட்சு இல்லை. பகல் வெளிச்சம் உள்ளவரை தகட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரையுள்ள கம்பியில் அழுத்தம் இருந்தே தீரும். பிரிப்புச் சுவிட்சை முதலில் திறந்து, ஓட்டம் நின்றதை மீட்டரில் பார்த்த பின்பே இணைப்பைத் தொட வேண்டும் என்ற வரிசை இதனால் வந்தது. அனுபவமில்லாத சிறுவன் அஞ்சிக்கொண்டாவது வேலை செய்வான். அனுபவம் மிக்கவர்தாம் அஞ்சாமல் கை வைப்பார். ஆகவே பயிற்சி நிலையங்களில் பழைய வயர்மேன்களுக்கு இப்பாடத்தைச் சுருக்கிவிடுவது பெரும் தவறு என்பது எம் கருத்து. "இவருக்குத் தெரியாததா" என்று ஆசிரியர் தாண்டிச் செல்லும் இடமே அவருக்குத் தெரியாத இடமாக இருக்கும்.

மூன்றாவது, முனைகளை இணைக்கும் முறை. கம்பியை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வழக்கம் இங்கே உதவாது. இதற்கென்று உள்ள இணைப்பான்களை அதற்கென்று உள்ள இடுக்கியால் அழுத்திப் பொருத்த வேண்டும். சரியாக அழுந்தாத ஓர் இணைப்பான் வெயிலில் மெல்ல மெல்லச் சூடேறி ஒரு நாள் தீப்பிடிக்கும். சூரிய மின் அமைப்புகளில் நேரும் தீ விபத்துகளுக்கு இத்தகைய இணைப்புக் குறைகள் ஒரு முக்கியக் காரணம்.

கொத்தனாரும் கொல்லரும்

திருவனந்தபுரத்தில் கான்கிரீட்டு மாடிக்கு மேலே இரும்புக் குழாய்ச் சட்டம் நிறுத்தித் தகரக் கூரை போடுவது மிகுதி. மழை அதிகம் உள்ள நாட்டில் ஒழுக்கைத் தடுக்க மக்கள் கண்ட வழி அது. அத்தகைய கூரைகளை நிறுத்தும் வெல்டிங் தொழிலாளர்கள், காற்று எந்தப் பக்கம் தூக்கும், எந்தக் காலுக்குப் பாரம் விழும் என்பதைக் கணக்குப் பாராமலே சொல்வர். சூரியத் தகடுகளின் சட்டத்துக்கும் காற்றே முதற் பகை. தகடு தன் பாரத்தால் கீழே அழுத்துவதைவிட, புயற்காற்றில் மேலே பறக்க முயல்வதே அதிகம்.

ஆனால் அவர்களும் ஒன்றைக் கற்க வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பை வெட்டினாலும் பற்றவைத்தாலும் அவ்விடத்தில் பூச்சு அழிகிறது. வலியதுறை, சங்குமுகம், விழிஞ்ஞம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்று அவ்விடத்தைத் தேடிப் பிடித்துத் தின்னும். தகட்டின் ஆயுள் 25 ஆண்டு என்று சொல்லி, அதைத் தாங்கும் சட்டம் சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்து விழுமானால் அந்த ஆயுளால் என்ன பயன்? ஆகவே வெட்டுவதும் துளையிடுவதும் பூச்சுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்; மாடியில் திருகாணி மட்டுமே வேலை செய்ய வேண்டும். வெல்டிங்கில் பேர் பெற்ற ஒருவரிடம் இங்கே வெல்டிங் செய்யாதே என்பது மனவருத்தம் தரும் அறிவுரையே. எனினும் சொல்லத்தான் வேண்டும்.

எம் உறவினர் ஒருவர் வீட்டில் நிகழ்ந்ததைக் கூறலாம். தகடு பொருத்த வந்த இளைஞர்கள் சட்டத்தின் கால்களை நிறுத்த மாடித் தளத்தில் நேரே துளையிட்டனர். பக்கத்து வீட்டில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த முதிய கொத்தனார் அதைக் கண்டு, "தளத்தைக் குத்தாதீங்க தம்பி, மேலே கட்டை கட்டி அதுல நிறுத்துங்க" என்றாராம். அவர் சொல் ஏறவில்லை. இடவப்பாதி மழை தொடங்கிய மூன்றாம் நாள் படுக்கையறைச் சுவரில் நீர் இறங்கியது. மின்சாரம் என்னவோ குறைவின்றி வந்துகொண்டிருந்தது. பின்னர் அதே கொத்தனாரை அழைத்துத்தான் சரிசெய்தனர். அவரை முதல் நாளே குழுவில் சேர்த்திருக்கலாம் என்பதை அந்த நிறுவனத்தார் இன்றும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

உயரத்தில் அஞ்சாமல் வேலை செய்யும் திறமைக்குக் கேரளத்தில் வேறோர் ஊற்றும் உண்டு. தென்னை ஏறுவோர் அருகி வந்ததால் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் இளைஞர்க்கும் பெண்களுக்கும் கருவியின் துணையால் மரமேறக் கற்பிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அவர்களுக்குக் காப்பீடும் செய்யப்பட்டது. கயிறு, கொக்கி, இடுப்புப்பட்டை இவற்றை நம்பிப் பழகிய இவர்கள் மாடி வேலைக்கு ஏற்றவர்களே. மாடியிலோ தரையில் நிற்பது போன்ற எண்ணம் உண்டாகிவிடுவதால் பட்டை மாட்டுவதையே பலர் விட்டுவிடுகின்றனர். இத்தொழிலில் உயிர் போகும் வழிகளில் மின்சாரத்துக்கு இணையாக நிற்பது கீழே விழுதல் என்பதைப் பயிற்சிக்கு வருவோரிடம் முதல் நாளிலேயே கூற வேண்டும்.

ரேடியோ, டெலிவிஷன் பழுது பார்த்தவர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர்களுடைய கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. மின்தேக்கியில் மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னும் தேங்கி நிற்கும் என்பதும், சுற்றின் எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட்டு இருக்க வேண்டும் என்று படிப்படியாகத் தேடுவதும் அவர்களுக்கு இயல்பு. இன்வெர்ட்டர் பழுதுக்கு வேண்டியது அந்தத் தேடும் முறையே. பாட்டரி, யு.பி.எஸ். விற்பனைக் கடைகளில் இருப்போர்க்கும் இது பொருந்தும். தண்ணீர் பம்பு மெக்கானிக்குகளோ, விவசாயிகளுக்குச் சூரிய பம்பு வழங்கும் குசும் திட்டம் 2019இல் வந்தபின், தாமே விரும்பாவிட்டாலும் இத்துறைக்குள் இழுக்கப்பட்டுவிட்டனர்.

கணக்கும் நாணயமும்

கையால் செய்யும் வேலைகளை மட்டும் கூறினால் பாதிதான் கூறியதாகும். 2024இல் பிரதமர் சூரிய வீடு என்னும் இலவச மின்சாரத் திட்டம் தொடங்கியபோது ஒரு கோடி வீடுகள் குறிக்கோளாகக் கொள்ளப்பட்டன. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதமும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ஆனால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம் என்று வகுக்கப்பட்டது. விண்ணப்பம், வாரியத்தின் அனுமதி, பதிவு பெற்ற நிறுவனத்தைத் தேர்தல், வங்கிக் கடன், மீட்டர் மாற்றம், பின்னரே மானியம் என்ற வரிசையில் வீட்டுக்காரர் நான்கு இடங்களில் தடுமாறுகிறார். காப்பீட்டு முகவராக இருந்தவர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர், இ-சேவை மையம் நடத்துபவர் ஆகியோர் புகக்கூடிய இடம் இது.

பள்ளி ஆசிரியர்கள் இதை ஏழாம் வகுப்புக் கணக்காகவே நடத்தலாம். கேரளத்தில் வீட்டு மின் பில் பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. ஒரு வீட்டின் பில்லில் 400 யூனிட் உள்ளது எனக் கொள்வோம். 60 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.7 யூனிட். இப்பகுதியில் ஒரு கிலோவாட்டுத் தகடு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை தரும். ஆகவே 2 கிலோவாட்டு போதும். மழைக்காலத்தில் குறையும், கோடையில் மிகும். இடம் ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வீதம் 200 சதுர அடி. அதன்மீது பக்கத்துத் தென்னையின் நிழல் விழலாகாது. திருவனந்தபுரம் வட அட்சம் எட்டரைப் பாகையில் இருப்பதால் தகடு தெற்கு நோக்கிச் சிறிதே சாய்ந்தால் போதும்; எனினும் மழைநீர் தூசியைக் கழுவிச் செல்ல 10 பாகை அளவு சாய்ப்பது நலம்.

அன்றியும், தகட்டின் மேல் எழுதியுள்ள வாட்டு 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அளக்கப்பட்டது. நண்பகலில் தகடு 60 பாகை வரை சூடேறும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைகிறது என்றால் 35 பாகைக்கு 12 சதவீதத்துக்கு மேல் போகிறது. வெயில் அதிகமானால் மின்சாரமும் அதிகம் என்று நம்பும் மாணவர்க்கு இது வியப்பாக இருக்கும். தகட்டுக்குக் கீழே காற்றோட்டம் விட வேண்டியதன் காரணமும் விளங்கும்.

இந்தக் கணக்கை உண்மையாகப் போட்டுக் காட்டுபவர் அந்த வீட்டுக்கு 2 கிலோவாட்டு விற்பார். மற்றொருவர் 5 கிலோவாட்டு விற்றுப் போவார். 2013இல் சூரியத் தகடு அமைத்துத் தருவதாகக் கூறி முன்பணம் பெற்று ஏமாற்றிய ஒரு விவகாரம் கேரள அரசியலையே உலுக்கியது இங்குள்ளோர்க்கு நினைவிருக்கும். அதன்பின் சில ஆண்டுகள் "சோலார்" என்ற சொல்லையே மக்கள் சிரிப்புடனும் சந்தேகத்துடனும் உச்சரித்தனர். ஊரில் பத்து ஆண்டு கடை வைத்து நாணயமானவர் என்று பெயர் எடுத்த ஒருவர் இத்தொழிலுக்கு வரும்போது அந்தப் பெயரும் அவருடன் கூடவே வருகிறது. அதை எந்தப் பயிற்சி நிலையமும் தர இயலாது.

எழுத்தறியாதவரும் கற்ற விதம்

ராஜஸ்தானத்தில் அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியா கிராமத்தில் பங்கர் ராய் 1972இல் தொடங்கிய நிறுவனம் "வெறுங்கால் கல்லூரி" என்று பெயர் பெற்றது. அங்கே இந்தியக் கிராமங்களிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வரும் நடுவயதுப் பெண்கள், பலர் பேரக்குழந்தைகளை உடையவர்கள், எழுதப் படிக்க நன்கு அறியாதவர்கள், ஆறு மாதத்தில் சூரிய விளக்குகளைச் செய்யவும் பழுது பார்க்கவும் கற்கின்றனர். ஆசிரியரும் மாணவியும் ஒரே மொழி பேசுவதில்லை. உறுப்புகளை நிறத்தால் அறிந்து, கைச்சைகையால் கேட்டு, திரும்பத் திரும்பச் செய்து கற்கின்றனர். இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தால் சான்றிதழுடன் நகரத்துக்குப் போய்விடுகின்றனர், பாட்டிமார்கள் ஊரிலேயே இருப்பர் என்பது ராய் அவர்களின் வாதம். ஊரைவிட்டுப் போகாமையையும் ஒரு திறமையாக எண்ணிய அவ்வாதம் முதலில் வேடிக்கையாகத் தோன்றினாலும், விளக்கு அணைந்த ஆறாம் மாதத்தில் யார் வந்து பார்ப்பார் என்று கேட்டுப் பார்த்தால் அதன் வலிமை தெரியும்.

கேரளத்திலேயே வேறு வகை உதாரணங்கள் உள்ளன. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் ஓடும் "ஆதித்யா" என்ற 75 பேர் செல்லும் படகு சூரிய சக்தியால் இயங்குகிறது. அதைக் கட்டிய கொச்சி நிறுவனத்தை நிறுவியவர் கப்பற் கட்டுமானம் பயின்றவர். மின்சாரத்திலிருந்து படகுக்கு வந்தவர் அல்லர், படகிலிருந்து மின்சாரத்துக்கு வந்தவர். படகு எவ்வளவு இலேசாக இருந்தால் எவ்வளவு குறைந்த தகட்டில் ஓடும் என்பது கப்பலறிவைச் சேர்ந்த கேள்வியாகும். கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட்டு நிலையத்தைத் தொடங்கி, முழுதும் சூரிய சக்தியால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் எனப் பெயர் பெற்றது. அங்கே தகடுகளைக் கழுவும் நீரைக் கொண்டு அவற்றின் இடையே காய்கறி விளைவிக்கின்றனர். ஆகவே தோட்ட வேலை அறிந்தவர்க்கும் மின் நிலையத்தில் வேலை உண்டாயிற்று.

ஆனால் எல்லா இடத்திலும் வேலை நிலைக்கும் என்று எவரிடமும் உறுதி கூறலாகாது. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் முடிந்த 648 மெகாவாட்டு நிலையம் 2,500 ஏக்கர் பரப்பில் எட்டு மாதத்தில் கட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இரவும் பகலும் உழைத்தனர். கட்டி முடிந்தபின் அத்தனை பேர்க்கு அங்கே இடமில்லை; தகடுகளைத் துடைப்பதைக்கூட இயந்திரங்களே செய்கின்றன. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் டாடா பவர் நிறுவனம் அமைத்த மின்கல ஆலையில் பணியாளருள் பெண்களே மிகுதி. அவ்வேலை ஆலை உள்ளவரை நிலைக்கும். வீட்டு மாடி வேலையோ இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு வீட்டில் இரண்டு அல்லது மூன்று நாளில் முடிந்துவிடும், ஆனால் வீடுகள் பல. அவற்றைப் பராமரிக்கும் வேலை ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். பெரிய நிலையங்களின் விளம்பரத்தைக் கண்டு ஊரைவிட்டுப் போகத் துடிக்கும் மாணவனிடம் ஆசிரியர் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கூற வேண்டும்.

தொடங்குவது எப்படி?

குருகிராமத்தில் உள்ள தேசிய சூரிய சக்தி நிறுவனத்தின் பொறுப்பில் 2015இல் தொடங்கிய சூர்யமித்ரா பயிற்சி 600 மணி நேரப் பாடமாக வகுக்கப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேறி, தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் முதலிய பாடம் பயின்றோர்க்கு உரியது அது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடங்களில் சூரியத் தொழில்நுட்பர் என்ற ஓராண்டுப் பாடமும் சேர்க்கப்பட்டுள்ளது. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் அனெர்ட் நிறுவனம் 1986 முதல் இயங்குகிறது. மாநிலத்தில் சூரிய சக்தித் திட்டங்களை நடத்துவதும் பயிற்சி முகாம்களை அறிவிப்பதும் அதன் பணி. கேரளத்தில் வயர்மேன் அனுமதி பெறாதவர் வீட்டு மின் இணைப்பில் கை வைப்பது சட்டப்படி கூடாது. அந்த அனுமதியை அளிக்கும் மின் உரிமக் குழுவும் தலைநகரிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் அனுமதி பெற்றவர் எல்லை தாண்டி வேலை செய்யுமுன் இதை விசாரித்து அறிய வேண்டும். நாகர்கோவில் வண்டியில் வருவோர் பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

பள்ளிப் படிப்பை இடையில் விட்டுப் பல ஆண்டு வேலை செய்தவர்க்கு, முன்னறிவைச் சோதித்துச் சான்று அளிக்கும் முறை ஒன்றும் உண்டு. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகங்களில் இது பற்றிக் கேட்கலாம். களப் பணியாளர்கள் விண்ணப்பப் படிவத்தை மட்டும் கொடுத்து அனுப்பாமல், அதில் "முன் அனுபவம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று உடன் அமர்ந்து எழுதித் தருவது மிக நல்லது. வெல்டிங் தெரியும் என்று ஒரு வரியில் எழுதுபவர், 40 வீடுகளுக்குத் தகரக் கூரை நிறுத்தியதைச் சொல்ல மறந்துவிடுவார்.

பயிற்சியில் சேருமுன் நிலையத்தாரிடம் கேட்க வேண்டியவை மூன்று. மொத்த நாள்களில் எத்தனை நாள் உண்மையான கூரைமீது வேலை? இடுப்புப்பட்டையும் கயிறும் நிலையமே தருமா? சென்ற குழுவில் பயின்றவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களுள் இருவருடன் பேச முடியுமா? சான்றிதழ்களின் நகல்கள், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் தம் சொந்தக் கருவிப் பையையும் எடுத்துச் செல்வது நலம். பழகிய கையைப் பயிற்சி ஆசிரியர் சான்றிதழில் பார்ப்பதைவிடப் பையில் விரைவாகக் கண்டுகொள்வார்.